மார்கழிக்கு ஒரு வீதி இல்லை

மதுரையில் மாதங்களுக்கு வீதி உண்டு. மீனாட்சி கோயில் மதிலுக்குள்ளேயே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைத் தாண்டினால் ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. சதுரத்தைச் சுற்றிச் சதுரமாகப் போகும் இந்த வரிசையில் மார்கழிக்கு இடம் இல்லை. நானோ வருஷம் தவறாமல் மதுரைக்குப் போவது மார்கழியில்தான்.

எனக்குச் சொந்த ஊர் குருவிகுளம். நான் படிக்கும்போது திருநெல்வேலி மாவட்டம். 2019இல் இருந்து தென்காசி மாவட்டம். பிழைப்பு டெல்லியில். அங்கே டிசம்பர் பிறந்தால் வெயிலும் கிடையாது, மூச்சு விடக் காற்றும் கிடையாது. விடியற்காலையில் எட்டு டிகிரி, ஏழு டிகிரி என்று இறங்கும். புகையும் மூடுபனியும் சேர்ந்து எதிர்வீட்டை மறைக்கும். அப்போது பெட்டியைக் கட்டிவிடுவேன். ஊருக்கு வந்து இரண்டு மூன்று நாள் கிடந்துவிட்டு, பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு நாலு நாள். இதுதான் என் குளிர்காலம். முதல் சில வருஷங்கள் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். அந்தத் தப்புகளில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் நாளைப் பாருங்கள்

டிசம்பர், ஜனவரி முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் முதல் வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய் இறங்கினேன். கோயிலைச் சுற்றி ஒரு விடுதியிலும் அறை இல்லை. முன்பதிவு செய்திருந்த இடத்தில் போய் நின்றால், "உங்க பேர்ல எதுவும் வரலையே சார்" என்றார்கள். பெரியம்மாவை ரயில் நிலையத் திண்டில் உட்காரவைத்துவிட்டு மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி முழுக்க ஏறி இறங்கினேன்.

பிறகுதான் கணக்குப் புரிந்தது. கார்த்திகை பிறந்ததில் இருந்து சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் மதுரை வழியாகப் போவார்கள், வருவார்கள். மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை கட்டியவர்களும் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அரையாண்டு விடுமுறை வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாக வெளியூர்க் கூட்டம். ஜனவரி முதல் தேதியன்று கோயில் வரிசையைப் பார்த்தாலே கால் வலிக்கும்.

நான் கண்ட நல்ல இடைவெளி இரண்டு. ஒன்று, ஜனவரி 2இல் இருந்து போகிக்கு இரண்டு மூன்று நாள் முன்புவரை. வார நாளாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. இன்னொன்று, பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, தைப்பூசத் தெப்பத்துக்கு முன்னால். தெப்பம் பார்க்க வேண்டும் என்றால் அதையே குறிவைத்துப் போகலாம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில், நடு மண்டபத்தைச் சுற்றித் தெப்பம் வரும் இரவு, தண்ணீர் முழுக்க விளக்காக இருக்கும்.

டிசம்பரின் முதல் மூன்று வாரத்தை நம்பிப் பயணம் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதும் முடிந்திருக்காது. 2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது. எங்கள் கரிசல் காட்டில் மழை பெய்தால் செருப்பு தனியாகக் கிடக்கும், கால் தனியாக வரும். மண் அப்படி ஒட்டும். திரும்பும் டிக்கெட்டுக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் இரண்டு நாளாவது காலியாக வையுங்கள். வடக்கே இருந்து ரயிலில் வருபவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே மூடுபனி பிடித்தால் வண்டி எத்தனை மணிநேரம் தாமதம் என்பது ஓட்டுபவருக்கே தெரியாது.

குளிர் வேறு, பனி வேறு

டெல்லிக் குளிரில் இருந்து வந்தவன் என்ற திமிரில் ஒரு அரைக்கைச் சட்டையோடு விடியற்காலை நாலரைக்கு வெளியே கிளம்பினேன். மதுரையில் அந்த நேரத்தில் இருபது, இருபத்தோரு டிகிரி இருக்கும். எனக்கு அது கோடைதான். பெரியம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என்னையும் சுற்றச் சொன்னாள்.

"இதெல்லாம் ஒரு குளிரா பெரியம்மா?"

"ஏய்யா, குளிரு வேற, பனி வேற. குளிரு தோலோட போயிரும். பனி தலைக்குள்ள எறங்கும்."

இறங்கத்தான் செய்தது. அடுத்த இரண்டு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு சுக்குக்காப்பி குடித்தேன். ஸ்வெட்டர் வேண்டாம், ஜாக்கெட் வேண்டாம். ஒரு பருத்தித் துண்டு போதும். காதை மூடுங்கள். எட்டரை மணிக்கு வெயில் ஏறியதும் அதையே தோளில் போட்டுக்கொள்ளலாம். மதியம் முப்பது டிகிரியை ஒட்டி வந்துவிடும். இது டெல்லியில் மார்ச் மாத வெயில்.

அதனால் நாளை இரண்டாக உடைத்துக்கொள்வேன். அதிகாலை நாலரையில் இருந்து பத்து வரை ஒரு நாள். மாலை ஐந்தில் இருந்து இரவு பதினொன்று வரை இன்னொரு நாள். நடுவில் சாப்பாடு, தூக்கம். மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். நாமும் தூங்காமல் இருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஊர் விழித்திருக்கும் நேரத்தில் நாம் விழித்திருந்தால் போதும்.

முதல் வருஷம் நான் காலை பத்துக்கு எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பன்னிரண்டரைக்குக் கோயில் வாசலுக்குப் போய் நின்றேன். நடை சாத்திவிட்டார்கள். இனி மாலை நாலு மணிக்குத்தான். மார்கழியில் வழக்கத்தைவிட முன்னதாகவே நடை திறக்கும். இருட்டில் உள்ளே போனால் கல்தரை சில்லென்று இருக்கும். திருவெம்பாவை ஒரு பக்கம் கேட்கும். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து பொழுது விடிவதைப் பார்க்கலாம். 170 அடி தெற்குக் கோபுரத்தின் உச்சியில் வெயில் பட்டு, சுதை ஒவ்வொன்றாக நிறம் பெற்றுக் கீழே இறங்கிவரும். இதற்கு டிக்கெட் கிடையாது. கைபேசியை உள்ளே விடமாட்டார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. அறையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். வெளியே ஒப்படைத்துவிட்டுப் போனால் திரும்ப வாங்க இன்னொரு வரிசை.

படியளக்கும் நாள்

மார்கழியில் மதுரைக்குப் போகிறவர்கள் பஞ்சாங்கத்தில் ஒரு நாளைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். தேய்பிறை அஷ்டமி. அன்று சுவாமியும் அம்மனும் தனித்தனிச் சப்பரத்தில் வெளி வீதிகளைச் சுற்றி வருவார்கள். எல்லா உயிருக்கும் ஈசன் படியளந்ததைக் கொண்டாடும் விழா. அம்மன் சப்பரத்தை வடம் பிடித்து இழுப்பவர்கள் பெண்கள். வழி முழுக்க அரிசி தூவுவார்கள். அதைப் பொறுக்கி வீட்டு அரிசிப் பானையில் போட்டால் வருஷம் முழுக்கக் குறையாது என்பது நம்பிக்கை.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நம்மால் நிற்கக்கூட முடியாது. இங்கே ஓரமாக நடந்துகொண்டே வரலாம். பெரியம்மா ஒரு வருஷம் வடத்தில் கை வைத்தாள். கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு வந்து, சேலை முந்தியில் ஏழெட்டு அரிசியை முடிந்துகொண்டாள். "கைபேசியில படம் எடுத்தியாய்யா?" என்று கேட்டாள். எடுக்கவில்லை. "எடுக்காட்டிப் போ. முந்தியில இருக்கு" என்றாள்.

மதியத்தை எங்கே கழிப்பது

தூங்க முடியாதவர்களுக்கு நிழலான இடங்கள் இருக்கின்றன. தமுக்கம் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகம். 1959இல் நேரு திறந்து வைத்தது. காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த வேட்டி அங்கே இருக்கிறது. நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலையில் திறந்தது. குளிர்சாதனத்தில் உட்கார்ந்து மூன்று மணிநேரம் படிக்கலாம். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ரொம்ப வசதி. திருமலை நாயக்கர் மகாலுக்கு மதியம் போகலாம், ஆனால் நான் மாலை ஒலி ஒளிக் காட்சிக்கு மட்டும் போவேன். 1636இல் கட்டிய அந்தத் தூண்கள் பகலைவிட இருட்டில் இன்னும் உயரம்.

ஒரு எச்சரிக்கை. பழைய நினைப்பில் புதுமண்டபத்துக்குத் தையல்காரரையும் புத்தகக் கடையையும் தேடிப் போகாதீர்கள். மண்டபத்தைப் புதுப்பிப்பதற்காகக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். துணியும் கையுமாக நான் அங்கே நின்று அசடு வழிந்திருக்கிறேன்.

பாறை சுடாத மாதம்

மதுரையைச் சுற்றிப் பாறை மலைகள். ஏப்ரல், மே மாதத்தில் அதில் கால் வைக்க முடியாது. மார்கழி, தையில் அதே பாறை காலையில் குளிர்ந்து கிடக்கும். என்னைப் பொறுத்தவரை மதுரையின் குளிர்காலம் என்றால் நடக்க முடிகிற காலம், அவ்வளவுதான்.

கீழக்குயில்குடி சமணர் மலையில் இருந்து தொடங்குங்கள். அடிவாரத்தில் அய்யனார் கோயில், பக்கத்தில் தாமரைக் குளம். ஏறினால் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து. காலை ஆறரைக்கு ஏறி எட்டரைக்குள் இறங்கிவிடலாம். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கழுகுமலையிலும் இதே மாதிரி வரிசையாகச் சமணச் சிற்பங்கள் உண்டு. கூடவே எட்டாம் நூற்றாண்டு வெட்டுவான் கோயிலும். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் ஒன்று மற்றொன்றை விளக்கிவிடும்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம், 2022 நவம்பரில் அறிவித்தார்கள். குடைவரைச் சிவன் கோயிலும் தமிழி எழுத்தும் வல்லூறும் ஒரே இடத்தில். 2024 நவம்பரில் இங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்து, ஊர் ஊராக மக்கள் எழுந்து நின்று, 2025 ஜனவரியில் அது ரத்தானது. அங்கே போகும்போது டீக்கடையில் பத்து நிமிஷம் உட்காருங்கள். வழிகாட்டி தேவைப்படாது, கதையை ஊரே சொல்லும். தனியாகப் போகத் தயங்குபவர்கள் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை என்ற குழுவைப் பற்றி விசாரித்துக்கொள்ளலாம்.

எதை எப்போது சாப்பிடுவது

காலையில் வெண்பொங்கல். மார்கழியில் அது எல்லாக் கடையிலும் கூடுதல் மிளகோடு இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. ஜிகர்தண்டாவை மதியம் குடியுங்கள், ராத்திரி வேண்டாம். பாலும் கடல்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் பனியோடு சேர்ந்தால் தொண்டை கட்டும். இது நான் பட்ட பாடு. இரவுதான் மதுரைச் சாப்பாட்டின் பொழுது. பத்து மணிக்கு மேல் சட்டியில் இருந்து இறங்கும் இட்லி, நாலு சட்னி. கறி சாப்பிடுபவர்களுக்குக் கறிதோசையும் கோலா உருண்டையும். மதியம் கனமாகச் சாப்பிட்டால் இந்த இரவு கெட்டுப்போகும்.

மதுரைக்கு வந்துவிட்டு மல்லிகை வாங்காமல் போவதா என்பார்கள். மார்கழியில் வாங்காமல் போகலாம். பனிக்கு மொட்டுப் பிடிக்காது, வரத்துக் குறைந்துவிடும். கிலோ ஆயிரக்கணக்கில் போகும். பூக்காரம்மாவிடம் பேரம் பேசிப் பிரயோஜனம் இல்லை, அவர்களுக்கே அந்த விலை. பெரியம்மா அந்த மாதம் பிச்சியோ கனகாம்பரமோதான் வைத்துக்கொள்வாள்.

காளை பார்க்க வேண்டும் என்றால்

ஜல்லிக்கட்டு தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். மூன்றையும் பார்க்க ஆசைப்பட்டு ஒன்றையும் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் என்றால் பொழுது விடியும் முன்பே அங்கே இருக்க வேண்டும். தண்ணீரும் தொப்பியும் கையில் வேண்டும். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போகாதீர்கள். வாடிவாசல் பக்கம் இடம் கிடைக்காவிட்டால் வருத்தப்படாமல், மாட்டுக்காரர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பும் பாதையில் நில்லுங்கள். வேர்த்து நுரைதள்ளி வரும் காளையும், அதை மகனைத் தடவுவது போலத் தடவிக்கொண்டு வருகிறவரும் போவார்கள். எனக்கு ஜல்லிக்கட்டு என்றால் இப்போது அதுதான் கண்ணில் நிற்கிறது.

ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நான் கற்ற பாடங்களில் பெரியது இது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடியபோதெல்லாம் ஊர் எனக்குப் பிடிபடவே இல்லை. பட்டியலை விட்டுவிட்டு, நம் ஊரில் இருந்தே ஒரு பொருளை மனதில் எடுத்துக்கொண்டு போனால் நகரம் வழிவிடுகிறது. எனக்கு அது பருத்தி.

குருவிகுளம் கரிசல் ஊர். முன்பு கருங்கண்ணிப் பருத்தி விளைந்த காடு. இப்போது பாதிக்கு மேல் மக்காச்சோளம் ஏறிவிட்டது. மார்கழியில் உளுந்தும் பாசியும் பச்சைப்பசேல் என்று நிற்கும். பருத்திச் செடி மஞ்சள் பூப்பூத்திருக்கும். பெரியம்மா வாழ்நாளில் பாதியை அந்தக் காட்டில் பருத்தி எடுத்தே கழித்தவள்.

பருத்தியைப் பிடித்துக்கொண்டு மதுரையில் நடந்தால் மேலமாசி வீதியில் ஒரு வீடு வரும். 1921 செப்டம்பர் 22 காலையில் காந்தி தன் உடுப்பைக் களைந்து முழங்கால் வேட்டிக்கு மாறிய வீடு. இப்போது கீழே கதர்க்கடை. அங்கிருந்து விளக்குத்தூண் பக்கம் போனால் சுங்குடிச் சேலை. சௌராஷ்டிர மக்கள் துணியில் கடுகளவு முடிச்சுகளைக் கையால் போட்டு, சாயத்தில் நனைத்து, முடிச்சை அவிழ்த்தால் புள்ளி. புவிசார் குறியீடு வாங்கியது. அச்சடித்த புள்ளியைச் சுங்குடி என்று விற்பார்கள். பெரியம்மா சேலையின் பின்பக்கத்தைத் திருப்பி விரலால் தடவிப் பார்ப்பாள். "முடிச்சுப் போட்ட எடத்துல துணி கொஞ்சம் மொட்டு மாதிரி நிக்கணும்" என்பாள். நின்றால்தான் வாங்குவாள்.

போன முறை கீழடிக்குப் போனோம். மதுரையில் இருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் கீறிய ஆதன் என்ற பெயரை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் பெரியம்மா இன்னொரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கிறாள். உள்ளே வரிசையாகத் தக்களிகள். நூல் நூற்றவை.

"எங்க ஆத்தா வச்சிருந்தது மாதிரில்ல இருக்கு. எந்த வீட்லய்யா எடுத்தாங்க?"

"வீட்ல இல்ல பெரியம்மா. மண்ணுக்குள்ள. ரெண்டாயிரத்து ஐநூறு வருசத்துக்கு முந்தின ஊரு இது."

"மண்ணுக்குள்ளன்னாலும் யாராச்சும் வச்சிருப்பாகள்ல."

அதற்கு மேல் அவள் எதையும் பார்க்கவில்லை. முற்றத்துத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும் என்பதை அன்றைக்குத்தான் முழுசாக ஒப்புக்கொண்டேன்.

அன்று இரவு பருத்திப்பால் குடிக்கப் போனோம். பருத்தி விதையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுவது. பனி இறங்கும் நேரத்தில் தெருவோரத்தில் நின்று குடிக்க அதைவிடச் சூடானது வேறு கிடையாது. மார்பில் இருந்த சளி இளகும். மதுரைக் குளிர்காலத்தில் ஒன்றே ஒன்றுதான் சாப்பிடலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வண்டிக்காரரைச் சுற்றி நல்ல கூட்டம். பெரியம்மா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். வாயில் வைத்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"மாவு தூக்கலாருக்கு. விதை பத்தல."

வண்டிக்காரர் காதில் விழுந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரு ஆத்தா?"

"குருவிகுளம்."

"கரிசக்காடா?" என்று சிரித்தார். "இப்ப விதை விக்கிற விலைக்கு இவ்வளவுதான் ஆத்தா ஊத்த முடியும்."

பெரியம்மா மீதியையும் குடித்து முடித்தாள். தம்ளரைக் கொடுத்துவிட்டு நடக்கும்போது என்னிடம் சொன்னாள்:

"அடுத்த வருசம் வாறப்ப ரெண்டு படி விதை கொண்டாருவோம்யா. அவருக்குக் குடுப்போம்."